ஃபிகர் ஸ்கேட்டிங் பைத்தியத்திடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருக்கிற ஊரில் மார்கழியிலும் ஃபேன் ஓடும். ஃப்ரீசரைத் தாண்டி ஐஸ் பார்க்காத குடும்பம் எங்களுடையது. அப்படிப்பட்ட வீட்டில் ஒருத்தி நடுராத்திரி அலாரம் வைத்து எழுந்து, ஜப்பான்காரரும் கனடாக்காரரும் ஐஸில் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நாலு பேர் நாலு கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். கல்யாண வீட்டிலும் ஆபீஸ் டீ நேரத்திலும் திரும்பத் திரும்ப வந்தவற்றை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். இனி யாராவது கேட்டால் இதைக் காட்டிவிட்டு நான் டீயை ஆறாமல் குடிக்கலாம்.

பனிச்சறுக்குன்னா மலையிலிருந்து சர்ருனு இறங்குவாங்களே, அதுவா?

அது இல்லை. நம் பத்திரிகைகள் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடுவதால் வருகிற குழப்பம். மலைச்சரிவில் நீளப் பலகை கட்டிக்கொண்டு இறங்குவது ஸ்கீயிங். நான் பார்ப்பது உள்ளரங்கில், 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமாக உறையவைத்த தரையில் நடப்பது. ஷூவுக்கு அடியில் சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு எஃகுத் தகடு. அதன் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது, நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். அதனால் ஒவ்வொரு காலுக்கும் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு கூர்மைகள். முன்நுனியில் ரம்பப்பல் மாதிரி ஒரு கொத்து, அது டோ பிக். இந்த விளையாட்டின் மொத்தமும் இந்த இரண்டு விளிம்புக்கும் ஒரு பல்லுக்கும் இடையில்தான்.

ஃபிகர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்கள். முன்பு போட்டியில் ஐஸ் மேல் எட்டு போன்ற வடிவங்களைக் காலால் வரைய வேண்டும். நடுவர்கள் குனிந்து நின்று கோடு பிசகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். டிவி பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வரும். 1990 உலகப் போட்டியோடு அதை நிறுத்திவிட்டார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

உனக்கு இது எப்படிப் பிடித்தது?

மாவோ அசாடாவால்.

2014 பிப்ரவரி, சோச்சி ஒலிம்பிக்ஸ். மாவோ அப்போது ஜப்பானின் செல்லப்பிள்ளை. நான்கு வருடம் முன்பு வான்கூவரில் கொரியாவின் யுனா கிம்முக்கு அடுத்து வெள்ளி வாங்கியவர். அங்கே ஒரே ஒலிம்பிக்ஸில் ட்ரிப்பிள் ஆக்சல் என்கிற கடினமான ஜம்பை 3 தடவை இறக்கிய முதல் பெண். சோச்சியில் தங்கம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, முதல் நாளின் சின்ன ஆட்டத்தில், ஷார்ட் ப்ரோக்ராம் என்பார்கள், அவர் ஆக்சலில் விழுந்தார். அடுத்தடுத்த ஜம்ப்களும் கைவிட்டன. புள்ளி 55.51, இடம் 16. கதை முடிந்தது.

மறுநாள் ஃப்ரீ ஸ்கேட், அதாவது நீளமான இரண்டாவது ஆட்டம். கடைசி இடத்தில் இருப்பவர்கள் முதலில் ஆட வேண்டும் என்பதால், பதக்கக்காரர்கள் வார்ம்-அப்புக்குக்கூட வராத நேரத்திலேயே மாவோ வந்து நின்றார். நீல உடை, ரக்மானினாஃபின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ. முதல் ஜம்பே ட்ரிப்பிள் ஆக்சல், முந்தின நாள் கவிழ்த்துவிட்ட அதே ஜம்ப். இறக்கினார். அதற்குப் பிறகும் ஒவ்வொன்றாக, மொத்தம் 8 ட்ரிப்பிள், அதாவது மூன்று சுற்று ஜம்ப்கள். கடைசி ஸ்டெப் சீக்வென்ஸில் ஆர்கெஸ்ட்ரா பெருகிப் பெருகி வரும்போது அவர் கால்கள் அதைவிட வேகமாக ஓடின. இசை நின்றதும் முகத்தை மேலே தூக்கி, ஒரு விநாடி சிரிக்கப் பார்த்து, முடியாமல் அழுதார். 142.71. ஃப்ரீ ஸ்கேட்டில் அவர் வாழ்நாளில் வாங்கிய மிக அதிகமான புள்ளி. மொத்தத்தில் 6-ஆவது இடம்.

இந்த வீடியோவை நான் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எதையோ தேடப்போய்ப் பார்த்தேன். ஆக்சல் என்றால் வண்டியின் அச்சு என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். எந்த ஜம்ப், எத்தனை சுற்று, ஒன்றும் தெரியாது. தெரியாமலேயே கண் கலங்கிவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்த அக்கா வீட்டில் ஏதோ துக்கம் போல என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். 6-ஆவது இடம் வாங்கினவளுக்காக அழுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

எல்லா ஜம்பும் ஒரே மாதிரிதானே இருக்கு? உனக்கு மட்டும் எப்படி வித்தியாசம் தெரியுது?

எனக்கும் ஒரு வருடம் தெரியாது. மேலே பார்த்துக்கொண்டிருக்கும் வரை தெரியவே தெரியாது. காலைப் பாருங்கள், அதுவும் தரையை விட்டுக் கிளம்பும் கணத்தில்.

மொத்தம் 6 ஜம்ப். இறங்குவது எல்லாவற்றுக்கும் ஒரே விதம்தான்: ஒற்றைக் காலில், பின்னோக்கி, வெளிவிளிம்பில். கிளம்பும் விதம்தான் பெயரைத் தீர்மானிக்கிறது. ஆக்சல் மட்டும் முகம் போகும் திசையிலேயே, முன்னோக்கிக் கிளம்பும். மற்ற ஐந்தும் பின்னோக்கி. ஆகவே யாராவது முன்னால் பார்த்தபடி ஒரு காலை வீசிக் குதித்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆக்சல் என்று சொல்லிவிடலாம். முன்னோக்கிக் கிளம்பிப் பின்னோக்கி இறங்குவதால் அரைச்சுற்று கூடுதல். ட்ரிப்பிள் ஆக்சல் என்பது உண்மையில் மூன்றரைச் சுற்று. 1882-இல் வியன்னாவில் இதைச் செய்துகாட்டிய நார்வேக்காரர் ஆக்சல் பால்சனின் பெயர் அது, வண்டி அச்சு இல்லை.

எனக்குப் பிரியமானது லுட்ஸ். கிராதகமான ஜம்ப். பெரும்பாலானவர்கள் காற்றில் இடப்பக்கமாகச் சுற்றுவார்கள். லுட்ஸுக்கு அவர்கள் அரங்கின் மூலையை நோக்கி நீளமாக, பின்னோக்கி, வலப்பக்கமாக வளைந்து வர வேண்டும். வருகிற வளைவு ஒரு பக்கம், சுற்றுகிற சுற்று எதிர்ப்பக்கம். உடம்பு ஒத்துக்கொள்ளாது. கடைசி நொடியில் கணுக்கால் தானாகவே உள்விளிம்புக்குச் சாய்ந்துவிடும். அப்படிச் சாய்ந்தால் அது லுட்ஸ் இல்லை, கிட்டத்தட்ட ஃப்ளிப் என்கிற வேறு ஜம்ப். ரசிகர்கள் கேலியாக ஃப்ளட்ஸ் என்போம், புள்ளியும் குறையும். சாயாமல், வெளிவிளிம்பில் கடைசிவரை உறுதியாக நின்று எழும்புகிற லுட்ஸைப் பார்த்தால் நான் டிவி முன்னால் சபாஷ் என்று கத்திவிடுவேன். மற்றவர்கள் ஸ்லோ மோஷனுக்காகக் காத்திருப்பார்கள்.

காற்றில் இருப்பது முக்கால் விநாடிக்கும் குறைவு. அதற்குள் நான்கு சுற்று என்றால் அது குவாட். ஆண்களின் முதல் குவாட் 1988-இல் கனடாவின் கர்ட் ப்ரௌனிங் இறக்கியது. இன்றைக்கு முன்னணி ஆண்கள் யாரும் குவாட் இல்லாமல் உலகப் போட்டியில் பதக்கக் கனவு காண்பதில்லை.

கீழே விழுந்தவருக்குப் பதக்கம் கொடுக்கிறார்களே, இது என்ன நியாயம்?

இதுதான் எங்கள் சித்தப்பாவின் நிரந்தரக் கேள்வி. கணக்கைப் போட்டுக் காட்டினால்தான் அடங்குவார்.

ஒவ்வொரு ஜம்புக்கும் ஒரு அடிப்படை விலை. ட்ரிப்பிள் லுட்ஸுக்கு 5.9, குவாட் லுட்ஸுக்கு 11.5. எப்படிச் செய்தார் என்பதற்கு 9 நடுவர்களும் மைனஸ் 5 முதல் ப்ளஸ் 5 வரை தரம் போடுவார்கள். ஒவ்வொரு படியும் அடிப்படை விலையில் 10 சதவீதம். அதிகமானதையும் குறைவானதையும் தள்ளிவிட்டு மீதியின் சராசரி. இப்போது குவாட் லுட்ஸில் விழுகிறார் என்று வையுங்கள். 11.5-இல் பாதி போய்விடும், 5.75. விழுந்ததற்குத் தனியாக 1 கழிப்பார்கள். கையில் 4.75. அதே நேரத்தில் ஒருவர் ட்ரிப்பிள் லுட்ஸைச் சுத்தமாக இறக்கி ப்ளஸ் 3 வாங்கினால் 7.67. ஆக, விழுந்தவருக்கு நஷ்டம்தான்.

ஆனால் சித்தப்பாவின் கோபத்துக்கும் ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 2018 வரை குவாட் லுட்ஸின் விலை 13.6. விழுந்தாலும் எல்லாம் கழித்து 8.6 மிஞ்சும். ட்ரிப்பிள் லுட்ஸைத் தேவலோகத் தரத்தில் இறக்கினாலும் 8.1-க்கு மேல் கிடைக்காது. விழுந்து எழுந்தவன் அழகாக இறங்கியவனைவிட அதிகம் சம்பாதித்தான். அதனால்தான் விலையைக் குறைத்துத் தர அளவை விரித்தார்கள். நல்ல மாற்றம் என்பது என் கட்சி. இதையும் பழித்து மணிக்கணக்கில் சண்டை போடுகிற ரசிகர்கள் உண்டு.

இன்னொன்று. விழுவது ஒரு ஜம்பில்தான். மீதி மூன்றரை நிமிடம் அப்படியே இருக்கிறது. கிரிக்கெட்டில் பந்து தலையில் பட்டால் பிசியோ ஓடிவருவார், ஆட்டம் நிற்கும். இங்கே விழுந்து எழும் அந்த மூன்று நான்கு விநாடியிலும் இசை ஓடிக்கொண்டேயிருக்கும். எழுந்து, விட்ட இடத்தை ஓடிப்பிடித்து, முகத்தில் வலி காட்டாமல் அடுத்த ஜம்புக்குப் போக வேண்டும். விழாதவர்களைவிட, விழுந்தபின் இசையைப் பிடிக்கிறவர்களைத்தான் நான் அதிகம் கவனிக்கிறேன்.

நடுவர்கள் எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வார்கள் என்கிறார்களே?

ஒருமுறை ஊரறிய மாட்டிக்கொண்டார்கள். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்ஸ், ஜோடிகள் பிரிவு. ரஷ்யாவின் பெரஷ்னயா-சிகருலிட்ஸே ஜோடி ஒரு சிறு பிசகு செய்தது, கனடாவின் ஜேமி சாலே-டேவிட் பெல்டியே ஜோடி சுத்தமாக ஆடியது. 5-க்கு 4 என்று தங்கம் ரஷ்யாவுக்குப் போனது. பிரெஞ்சு நடுவர் தனக்கு நெருக்கடி கொடுக்கப்பட்டதாகச் சொல்ல, ஊரே கொந்தளித்து, கடைசியில் கனடா ஜோடிக்கும் ஒரு தங்கத்தைக் கொடுத்தார்கள். 6.0 என்ற பழைய மதிப்பெண் முறைக்கு அதோடு சமாதி. அதன் பிறகு வந்ததுதான் நான் மேலே போட்ட கணக்கு.

இப்போது முழுக்கச் சுத்தமா? ஜம்ப் பகுதியில் ஏமாற்றுவது கஷ்டம். தொழில்நுட்பக் குழு வீடியோவைப் பின்னோட்டிப் பார்த்துக் கால் சுற்று குறைந்தாலும் குறித்துவிடும். கலைப்பகுதியில்தான் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. பெயர் பெற்றவர் சொதப்பினாலும் பத்துக்கு 9, பெயர் தெரியாத நாட்டிலிருந்து வந்தவர் உயிரைக் கொடுத்து ஆடினாலும் 7. கோவிலில் பரிவட்டம் யாருக்கு என்பது ஏற்கெனவே முடிவான மாதிரி. இதற்கு லஞ்சம் தேவையில்லை, பழக்கமே போதும்.

யுசுரு ஹன்யூவுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

உட்காருங்கள், நேரமாகும்.

ஜப்பானின் செண்டாய் நகரத்துப் பையன். சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. 2011 மார்ச் 11 அன்று பூகம்பம் வந்தபோது 16 வயது, ஐஸில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். கால்களில் ஸ்கேட்டோடு அப்படியே வெளியே ஓடினார். குடும்பத்தோடு சில நாள் நிவாரண முகாமில். பயிற்சி அரங்கம் மூடிவிட்டது. ஐஸ் கிடைக்க வேண்டுமே என்று அந்த வருடம் ஊர் ஊராக ஐஸ் ஷோக்களில் ஆடினார். ஷோவே பயிற்சி. மூன்றே வருடத்தில் சோச்சியில் தங்கம். அதிலும் ஃப்ரீ ஸ்கேட்டில் இரண்டு முறை விழுந்து. சித்தப்பா இதைத்தான் சுட்டிக்காட்டுவார்.

2018 பியாங்சாங்குக்கு மூன்று மாதம் முன்பு குவாட் லுட்ஸ் பயிற்சியில் விழுந்து வலது கணுக்கால் போயிற்று. வேறு போட்டியே ஆடாமல் நேராக ஒலிம்பிக்ஸுக்கு வந்தார். வந்து, 317.85 புள்ளி எடுத்து இரண்டாவது தங்கம். ஆண்கள் பிரிவில் அடுத்தடுத்து இரண்டு தங்கம் என்பது 1948, 1952-இல் டிக் பட்டன் வென்ற பிறகு 66 வருடம் கழித்து நடந்தது.

அவர் ஆடி முடித்ததும் அரங்கின் நாலா பக்கத்திலிருந்தும் வின்னி த பூ கரடிப் பொம்மைகள் மழையாக விழும். அவருடைய டிஷ்யூ பெட்டியின் உறைகூட பூதான். மஞ்சள் பொம்மைகளைப் பொறுக்கச் சின்னச் சின்னக் குழந்தைகள் பத்துப் பதினைந்து பேர் ஐஸில் இறங்கி, கை கொள்ளாமல் அள்ளிக்கொண்டு போவார்கள். அடுத்து ஆட வேண்டிய பாவப்பட்ட மனுஷன் ஓரமாகச் சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருப்பார். முதல்முறை பார்த்தபோது மாரியம்மன் கோவில் தேர் மேல் உப்பும் மிளகும் எறிவதுதான் ஞாபகம் வந்தது.

ஆனால் என்னைக் கேட்டால் ஹன்யூ என்றால் இரண்டு தங்கம் இல்லை, 2022 பெய்ஜிங். முதல் நாள், குவாட் சால்கௌ என்கிற நாலு சுற்று ஜம்புக்குக் கிளம்பும்போது வேறு யாரோ ஐஸில் விட்டுப்போன குழியில் அவர் பிளேடு மாட்டியது. நாலு சுற்று ஒற்றைச் சுற்றானது, 8-ஆவது இடம். ஃப்ரீ ஸ்கேட்டில் பாதுகாப்பாக ஆடியிருந்தால் ஒரு பதக்கத்துக்கு முயன்றிருக்கலாம். அவரோ அதுவரை யாரும் போட்டியில் இறக்காத குவாட் ஆக்சலோடு தொடங்கினார். நாலரைச் சுற்று. விழுந்தார். சுற்று கொஞ்சம் குறைவு என்று குறித்தார்கள், ஆனாலும் முடிவுத்தாளில் குவாட் ஆக்சல் என்ற பெயரோடு அது பதிவானது. 4-ஆவது இடம். அந்த ஜூலையில் போட்டிகளிலிருந்து விலகினார். எங்கள் வீட்டில் அன்றைக்கு நான் சாப்பிடவில்லை என்பது கொஞ்சம் மிகை. இரண்டு தோசையோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்போ குவாட் ஆக்சலை யாருமே இறக்கலையா?

ஏழு மாதத்தில் இறக்கிவிட்டார்கள். 2022 செப்டம்பர், அமெரிக்காவின் லேக் பிளாசிட், இலியா மலினின், வயது 17. அப்பா அம்மா இருவருமே உஸ்பெகிஸ்தானுக்காக ஒலிம்பிக்ஸ் ஆடிய ஸ்கேட்டர்கள். பையன் ஏதோ பஸ் படிக்கட்டிலிருந்து இறங்குகிற மாதிரி அதை இறக்கினான். 2024-லும் 2025-லும் உலகச் சாம்பியன். அவன் ஜம்ப்களைப் பார்த்து வாய் பிளக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் ஜம்புக்கும் ஜம்புக்கும் நடுவில் எனக்கு இன்னும் கொஞ்சம் பசி இருக்கிறது. வயதாக ஆக நிறையும் என்று நம்புகிறேன்.

இதே கட்டத்தை அமெரிக்காவின் நேதன் சென் கடந்துவந்திருக்கிறார். 2018 ஒலிம்பிக்ஸில் ஷார்ட் ப்ரோக்ராமில் எல்லா ஜம்பும் பிசகி 17-ஆவது. மறுநாள் 6 குவாட் முயன்று அந்த ஃப்ரீ ஸ்கேட்டில் முதலிடம், மொத்தத்தில் 5-ஆவது. அடுத்த இரண்டு வருடம் யேல் பல்கலைக்கழகத்தில் படிப்பும் போய்க்கொண்டிருந்தது. 2022-இல் தங்கம்.

பெண்கள் பிரிவில் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகவே இருக்கிறார்களே?

இருந்தார்கள். உடல் வளரும் முன் சுற்றுவது சுலபம். இடுப்பு விரிந்து எடை கூடியதும் அதே ஜம்ப் வராது. ரஷ்யாவிலிருந்து 15, 16 வயதுச் சாம்பியன்கள் வருடத்துக்கு ஒருவராக வந்து, அடுத்தவர் வந்ததும் காணாமல் போனார்கள். சோச்சியில் 15 வயதில் உலகத்தையே அசத்திய யூலியா லிப்னிட்ஸ்கயா, உணவுக் கோளாறோடு போராடி, 19 வயதில் விலகினார்.

உச்சம், அல்லது பாதாளம், 2022 பெய்ஜிங். கமிலா வலியேவா, 15 வயது. தடைசெய்யப்பட்ட இதய மருந்து அவர் மாதிரியில் இருந்தது போட்டி நடுவே வெளியானது. ஆடவும் விட்டார்கள். ஃப்ரீ ஸ்கேட்டில் மீண்டும் மீண்டும் விழுந்து 4-ஆவது இடத்துக்குப் போனதை உலகமே பார்த்தது. நான் பாதியில் எழுந்து போய்விட்டேன். விழுந்தபின் இசையைப் பிடிப்பதைப் பார்க்கப் பிடிக்கும் என்று மேலே சொன்னேன் இல்லையா, அந்த நான்கு நிமிடம் மட்டும் இசையை யாராவது நிறுத்த மாட்டார்களா என்றிருந்தது. 2024 ஜனவரியில் அவருக்கு நான்கு வருடத் தடை வந்தது. அவர் ஆடி ரஷ்யா முதலில் வந்திருந்த அணிப் போட்டியின் தங்கம் அமெரிக்காவுக்குப் போனது. சீனியர் பிரிவுக்குக் குறைந்தபட்ச வயதையும் 15-லிருந்து படிப்படியாக 17 ஆக்கிவிட்டார்கள். கொஞ்சம் முன்னாலேயே செய்திருக்கலாம்.

அதன் பிறகுதான் எனக்குப் பெண்கள் பிரிவு மறுபடி இனித்தது. 2022, 2023, 2024 என்று மூன்று வருடம் உலகச் சாம்பியனான கோபே நகரத்து கவோரி சகமோட்டோவிடம் குவாட் கிடையாது, ட்ரிப்பிள் ஆக்சல்கூடக் கிடையாது. வேகம் இருக்கிறது. அவருடைய வெறும் டபுள் ஆக்சல் அரங்கின் குறுக்கே பறந்துபோய் இறங்கும்.

அலிசா லியூ கதை இன்னும் விசேஷம். 13 வயதில் அமெரிக்கச் சாம்பியன், 16 வயதில் போதும் என்று ஓய்வு. இரண்டு வருடம் ஐஸ் பக்கமே போகவில்லை. பிறகு தோழிகளோடு ஸ்கீயிங் போனார் (ஆமாம், மலையிலிருந்து சர்ருனு இறங்குவதேதான்). அந்தக் காற்று முகத்தில் அடித்ததும் பழைய ஆசை வந்துவிட்டதாம். திரும்பி வந்து 2025 மார்ச்சில் பாஸ்டனில் உலகச் சாம்பியன். அமெரிக்கப் பெண் ஒருவர் அதை வென்று 19 வருடம் ஆகியிருந்தது.

அந்த பாஸ்டன் போட்டிக்கு இரண்டு மாதம் முன்பு, ஜனவரி 29-இல், விச்சிட்டாவிலிருந்து வாஷிங்டன் வந்த விமானம் ராணுவ ஹெலிகாப்டரோடு மோதி 67 பேர் இறந்தார்கள். அதில் 28 பேர் பயிற்சி முகாமிலிருந்து திரும்பிய ஸ்கேட்டிங் பிள்ளைகள், பெற்றோர்கள், பயிற்சியாளர்கள். பாஸ்டன் கிளப் மட்டும் 6 பேரை இழந்தது. அந்த ஊரில், அந்த வருடத்தில், ஒருத்தி சிரித்துக்கொண்டே ஆடி ஜெயித்தாள் என்பதைச் சேர்த்துத்தான் நான் அந்த வீடியோவைப் பார்க்கிறேன்.

ஜோடியாக ஆடுவதில் ஏன் இரண்டு வகை?

ஒன்றில் ஆண் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்குவார், வீசுவார், அவள் சுற்றி இறங்குவாள். அது பேர்ஸ். மற்றதில் தலைக்கு மேல் தூக்கக் கூடாது, பல சுற்று ஜம்ப் கிடையாது, காலடி வேலைதான் உயிர். அது ஐஸ் டான்ஸ். 1984 சரயேவோ ஒலிம்பிக்ஸில் பிரிட்டனின் டோர்வில்லும் டீனும் ராவலின் பொலேரோவுக்கு ஆடினார்கள். அவர்கள் இசை, விதியில் சொன்ன நேரத்தைவிடச் சில விநாடி நீளம். பிளேடு ஐஸில் பட்டு நகரத் தொடங்கினால்தான் கடிகாரம் ஓடும் என்பது விதி. அதனால் மண்டியிட்டபடியே ஆட்டத்தை ஆரம்பித்தார்கள்! கலைக்கு 9 நடுவரும் 6.0 போட்டார்கள்.

நம் ஆட்களுக்கு ஒரு கொசுறு: 2010 வான்கூவரில் அமெரிக்காவின் மெரில் டேவிஸ்-சார்லி வைட் ஜோடி ஹிந்திப் படப் பாட்டுகளுக்கு, புடவைச் சாயல் உடையில் ஆடியது. முத்திரையெல்லாம் வைத்தார்கள். அம்மா உட்கார்ந்து முழுதாகப் பார்த்த ஒரே ஸ்கேட்டிங் அதுதான்.

ஐஸில் பல்டி அடித்தால் புள்ளி கழிப்பார்களாமே?

கழித்தார்கள், இப்போது இல்லை. 1976-இல் ஒரு அமெரிக்கர் அடித்ததும் ஆபத்து என்று தடைபோட்டார்கள். 1998 நகானோ ஒலிம்பிக்ஸில் பிரான்சின் சூர்யா பொனாலி, காயத்தோடு, இனிப் பதக்கம் இல்லை என்று தெரிந்ததும் வேண்டுமென்றே பின்பல்டி அடித்து ஒற்றைக் காலில் இறங்கினார். நடுவர்களுக்கு முதுகைக் காட்டி முடித்தார் என்பது உபரி. ஆமாம், பெயர் நம் சூர்யாதான். தத்தெடுத்த தாய்க்கு இந்தியா மேல் இருந்த பிரியம். 26 வருடம் கழித்து 2024-இல் தடையை எடுத்துவிட்டார்கள். இப்போது பையன்கள் அடிக்கும்போது அரங்கம் அதிர்கிறது. அவர் அடித்தபோது கழித்த புள்ளியை யாரும் திருப்பித் தரவில்லை.

இந்தியாவிலிருந்து யாராவது?

சிம்லாவில் 1920-லிருந்து இயற்கையான ஐஸ் அரங்கம் ஒன்று இருக்கிறது. ஆனால் உலகத் தரத்துக்கு வருடம் முழுக்க ஐஸ் வேண்டும். இந்தியாவுக்காக இப்போது ஆடுகிறவர் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த தாரா பிரசாத். அவர் பெயர் பட்டியலில் வந்தால் நான் கடைசி குரூப்புக்குக் காத்திருக்காமல் முதலிலிருந்தே உட்கார்ந்துவிடுவேன்.

புதிதாகப் பார்க்க எங்கே ஆரம்பிப்பது?

ஜூனியர் கிராண்ட் பிரீயில். ஆகஸ்டில் தொடங்கும், யூட்யூபில் இலவசம். அங்கே 14 வயதுப் பிள்ளைகள் விழுந்து எழுவதைப் பார்த்தால் கண் பழகிவிடும். பிறகு அக்டோபர், நவம்பரில் சீனியர் கிராண்ட் பிரீ, டிசம்பரில் இறுதி, மார்ச்சில் உலகப் போட்டி. முதல் தடவை வர்ணனையை ம்யூட் செய்துவிட்டுக் கால்களை மட்டும் பாருங்கள். ஸ்பின்னில் பம்பரம் மாதிரி ஒரே புள்ளியில் தூங்குகிறாரா, இல்லை ஐஸில் ஊர்ந்துகொண்டே போகிறாரா என்று பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் சேனலை மாற்றாதீர்கள். புள்ளிக்காக உட்காரும் பெஞ்சுக்குப் பெயரே கிஸ் அண்ட் க்ரை. ஸ்கேட்டர் எண்ணைப் பார்க்கும் முன் பயிற்சியாளர் முகம் பார்த்துவிடும். பாதி நாடகம் அங்கேதான்.

சரி, உனக்கு ஸ்கேட் பண்ணத் தெரியுமா?

ஒரே ஒரு தடவை. ஒரு பெரிய ஊர் மாலில், கூடத்தை விடக் கொஞ்சம் பெரிதான ஒரு ஐஸ் தரை. வாடகை ஷூ இரண்டு சைஸ் பெரிது, முன்னால் போட்டவரின் ஈரம் காயவில்லை. டோ பிக், லுட்ஸ், வெளிவிளிம்பு எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவள், கம்பியைப் பிடித்தபடி 20 நிமிடம் நின்றேன். பிறகு ஒரு கையை விட்டேன். நான்கு அடி போனேன். ஐஸில் முதலில் குத்தினது டோ பிக், பிறகு முழங்கால், பிறகு தாடை. ஐஸ் அவ்வளவு கடினமாக இருக்கும் என்று டிவி சொல்லவே இல்லை.

எட்டு வயது இருக்கும், ஒரு பெண்பிள்ளை பின்னோக்கிச் சறுக்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். "ஆன்ட்டி, முட்டியை மடக்குங்க. நேரா நின்னா விழுந்துடுவீங்க" என்றாள். ஸ்பீக்கரில் ஏதோ சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பல்லவி முடிந்து சரணம் வந்துவிட்டது, நான் இன்னும் எழுந்தபாடில்லை.